முழுதும் படித்த பிறகு



இன்று ஜனவரி 24, புனித பிரான்சிஸ் சலேசியாரின் திருநாள். ஜெனீவாவின் ஆயராக இருந்தவர். ஆயராவதற்கு முன்பு சாப்ளே என்ற மலைப்பகுதிக்கு அனுப்பப்பட்டபோது இவருடைய மறையுரையைக் கேட்கக் கோவிலுக்கு ஆளே வரவில்லை. சொல்ல நினைத்ததைத் தாளில் எழுதி, வீடு வீடாகக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனார். (சில ஞாயிற்றுக்கிழமைகளில் முன் பெஞ்சைப் பார்க்கும்போது எனக்கும் அந்த யோசனை வருவதுண்டு.) பின்னாளில் ஒரு பெண்மணிக்கு ஆன்ம வழிகாட்டலாக இவர் எழுதிய கடிதங்களை ஒரு சேசு சபைக் குரு படித்தார். இவை பெட்டிக்குள் கிடக்கக் கூடாது, அச்சேற வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தினார். 1609-ல் அவை நூலாக வந்து ஐரோப்பா முழுவதும் பரவின. 1923-ல் திருத்தந்தை பதினோராம் பயஸ் சலேசியாரை எழுத்தாளர்களின் பாதுகாவலர் என்று அறிவித்தார்.

அந்தச் சேசு சபைக் குருவை யாரும் அவ்வளவாக நினைப்பதில்லை. நான் இன்று அவரைப் போன்றவர்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன். எழுதுகிறவர்களுக்குப் பாதுகாவலர் கிடைத்துவிட்டார். எழுதியதைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், என்ன சொல்வதென்று தெரியாமல் விழிக்கிற நம்மை யார் பார்த்துக்கொள்வது?

திருச்சிக்காரர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. மலைக்கோட்டை உச்சியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை எறிந்தால் ஏதாவது ஒரு கவிஞர் தலையில் போய் விழும். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், பாலக்கரையில் கடை வைத்திருப்பவர், ஸ்ரீரங்கத்து அடுக்ககத்தில் பேரப் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு எழுதுகிற அம்மா என்று பலரும் ஒரு நாவலை நோட்டில் வைத்திருக்கிறார்கள். ஒருநாள் அதை நம் கையில் கொடுத்து, “நேரம் கிடைக்கும்போது பாருங்க” என்கிறார்கள். அப்படிச் சொல்லும்போது அவர்கள் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. கவனித்திருக்கிறீர்களா?

முதல் வாசகத்தில் திருத்தூதர் பணிகள் நூலின் 18-ஆம் அதிகாரத்தைக் கேட்டோம். அப்பொல்லோ என்பவர் எபேசு நகருக்கு வருகிறார். அலெக்சாந்திரியாக்காரர், சொல்வன்மை மிக்கவர், மறைநூலைக் கரைத்துக் குடித்தவர். தொழுகைக்கூடத்தில் ஆர்வம் பொங்கப் பேசுகிறார். பேச்சில் ஒரு குறை இருக்கிறது. யோவான் கொடுத்த திருமுழுக்கு வரைக்கும்தான் அவருக்குத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. கூட்டத்தில் பிரிஸ்கில்லாவும் அக்கிலாவும் உட்கார்ந்திருக்கிறார்கள். கணவன் மனைவி. கூடாரம் செய்வது அவர்கள் தொழில். ஊசியும் தோலும் பழகிய கைகள். இந்த இருவருக்கும் குறை தெரிந்துவிட்டது.

என்ன செய்தார்கள் என்று லூக்கா எழுதியிருப்பதை மெதுவாகப் பாருங்கள். முதலில், பேச்சை முழுதும் கேட்டார்கள். பாதியில் எழுந்து திருத்தவில்லை. பிறகு அவரைத் தனியே அழைத்துப் போனார்கள். அங்கே, கடவுளின் நெறியை இன்னும் திட்டவட்டமாக எடுத்துச் சொன்னார்கள். நீ சொன்னது எல்லாம் தவறு என்று சொன்னதாக லூக்கா எழுதவில்லை. அவரிடம் ஏற்கெனவே இருந்ததை மேலும் துல்லியமாக்கினார்கள். அதற்கடுத்த வரியைத்தான் நாம் வழக்கமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். அப்பொல்லோ அக்காயாவுக்குப் போக விரும்பியபோது, இவரை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று எபேசிலிருந்த சகோதரர்கள் அங்குள்ள சீடர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். குறை தெரிந்த ஊரிலிருந்தே பரிந்துரைக் கடிதமும் போகிறது.

குறை சொல்லிவிட்டுக் கைகழுவுகிறவர்கள் நிறையப் பேர். பரிந்துரைக் கடிதம் எழுதித் தருகிறவர்கள் குறைவு. சரி, அது இருக்கட்டும்.

பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் நம் பங்கில் இருக்கிறார். பெயர் வேண்டாம், மற்றதைச் சொல்லிக்கொள்ளுங்கள் சாமி என்று அனுமதி தந்திருக்கிறார். நீல மையில், கோடு போட்ட மூன்று பெரிய நோட்டுகளில் நாவல் எழுதியிருந்தார். 1977 நவம்பரில் திருச்சியை மூழ்கடித்த வெள்ளம்தான் கதையின் நடுப்பகுதி. நோட்டுகள் பலர் கைக்குப் போய் வந்தன. ஒருவர் அட்டையில் தேநீர் டம்ளரின் வட்டத்தோடு திருப்பித் தந்து, “நல்லா இருக்கு” என்றார். தமிழ் படித்த ஒருவர் சிவப்பு மையால் மூன்று நோட்டிலும் ஒற்றுப்பிழை திருத்தினார், கதையைப் பற்றி வாயே திறக்கவில்லை. இன்னொருவர், “இதைவிடப் பெரிய கதை என்கிட்ட இருக்கு” என்று ஆரம்பித்துத் தன் கதையைச் சொல்லி முடிக்க ராத்திரி ஒன்பது மணி ஆகிவிட்டது.

கடைசியாக அந்த நோட்டுகளை வாங்கியவள் அவர் தெருவில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவி. மையைத் தொடவில்லை, பென்சிலால் ஓரத்தில் சின்னச் சின்னக் குறி மட்டும் போட்டிருந்தாள். ஒரு மாலை, பூசை முடிந்து கோவில் படியில் உட்கார்ந்து இருவரும் பேசினார்கள்.

“தாத்தா, முதல் நாற்பது பக்கம் உங்க கொள்ளுத்தாத்தா, அவங்க அப்பா, அவங்க வாங்கின நிலம். எனக்குத் தூக்கம் வந்துடுச்சு. உறையூர் வீட்டுக்குள்ள தண்ணி ஏறுது பாருங்க, அப்பதான் முழிச்சேன். அப்புறம் விடியற வரைக்கும் கீழ வைக்கலை.”

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. அவள் பக்கத்தைப் புரட்டினாள்.

“இந்த இடம். தண்ணி முட்டி வரைக்கும் வந்துடுச்சு. அம்மா முதல்ல தையல் மிஷினைத் தூக்கிப் பரண்ல வைக்கிறாங்க. அப்புறம்தான் புள்ளையைத் தூக்குறாங்க. படிச்சதும் எனக்கு உடம்பே சிலிர்த்துச்சு தாத்தா. ஆனா அடுத்த வரியில, பெற்ற பாசத்தைவிட வறுமை வலியதுன்னு நீங்களே எழுதிட்டீங்க. அது வேண்டாமே. மிஷினே சொல்லிடுச்சுல்ல?”

இதைக் கேட்டபோது, எத்தனையோ ஆண்டு மறையுரைப் பயிற்சி பெற்ற எனக்கே பாடமாக இருந்தது. அந்தப் பெண் பிள்ளை பொதுவாக எதையும் சொல்லவில்லை. நடை சரியில்லை, விறுவிறுப்பு போதாது என்பதெல்லாம் கேட்கிறவருக்குப் பயன்படாது. எந்தப் பக்கத்தில் தூங்கினாள், எந்தப் பக்கத்தில் விழித்தாள் என்று சொன்னாள். அதை யாரும் மறுக்க முடியாது. தூங்கியது அவள்தானே. நல்லதையும் அதே மாதிரி பக்கம் காட்டிச் சொன்னாள். இன்னொன்றையும் பாருங்கள்: இப்படி எழுதுங்கள் என்று தன் வாக்கியம் ஒன்றைக்கூட அவள் உள்ளே நுழைக்கவில்லை. கதை அவருடையதாகவே இருந்தது.

பெரியவர் சில நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. மனிதர்தானே! அப்புறம் முதல் நாற்பது பக்கத்தில் முப்பதை வெட்டினார். கொள்ளுத்தாத்தா நிலம் வாங்கிய பத்துப் பக்கத்தை விட மனம் வரவில்லை. அது அவருடைய உரிமை.

“நல்லா இருக்கு” என்று சொன்னவரை நீங்கள் நல்லவர் என்று நினைக்கலாம். மனம் நோகாமல் பேசினார் அல்லவா? எனக்கு அவர்மேல்தான் வருத்தம் அதிகம். படிக்காமல் சொன்ன புகழ்ச்சி பொய்ச்சான்று. எட்டாம் கட்டளை அதற்கும் பொருந்தும். அதன் விளைவையும் பாருங்கள். நாலு பேர் நல்லா இருக்கு என்றால், அந்த மனிதர் ஓய்வூதியப் பணத்தை எடுத்துக்கொண்டு டி.டி.பி. செய்கிற கடைக்குப் போவார், அச்சகத்துக்குப் போவார். புத்தகக் கட்டுகள் வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில் தங்கிவிடும். முப்பது பக்கம் வெட்டியிருந்தால் யாராவது படித்திருப்பார்கள். அதைச் சொல்ல வேண்டிய நாள் கடந்து போயிருக்கும். உபசாரம் செய்து ஒருவரைத் தனியாக விட்டுவிடுவதில் நாம் கைதேர்ந்தவர்கள்.

நாவல் என்றதும் நம் மண்ணின் மகன் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியாது. திருச்சிக்கு அருகே குளத்தூரில் 1826-ல் பிறந்த கத்தோலிக்கர், மாயூரம் வேதநாயகம் பிள்ளை. திருச்சியில் ஆங்கிலம் கற்று, இங்கே நீதிமன்றத்தில் வேலை பார்த்து, பின்பு முன்சீப் ஆனவர். தமிழின் முதல் நாவல் என்று நாம் சொல்லும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-ல் அச்சாயிற்று. எழுத்து அவர் தொழில் இல்லை. வழக்குக் கட்டுகளுக்கு நடுவே வாழ்ந்த மனிதர், ஐம்பது வயதுக்கு மேல், தமிழில் அதுவரை இல்லாத ஒன்றை அச்சுக்குக் கொண்டுவந்தார்.

கொஞ்சம் கற்பனை செய்வோம். அச்சுக்குப் போகும் முன் அந்தக் கையெழுத்துப் பிரதியை அவர் நம்மிடம் கொடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்?

மறைக்காமல் சொல்ல வேண்டியவை உண்டு. முன்சீப் ஐயா, கதை ஒரு தெருவில் போய்க்கொண்டிருக்கும்போதே நாலு கிளைக்கதை சந்துக்குள் திரும்பிவிடுகிறது. உங்கள் பாத்திரங்கள் வாயைத் திறந்தால் நீதியுரை. நீதிமன்ற வாசனை இன்னும் போகவில்லை. தற்செயலாக நடப்பவை கதையில் மிக அதிகம். இவை நியாயமான குறைகள், பின்னால் வந்த விமர்சகர்களும் சொன்னவைதான்.

அதே மூச்சில் சொல்ல வேண்டியது இன்னொன்று. ஐயா, கல்யாணம் ஆனபின் மாப்பிள்ளை பெண் வீட்டில் இருப்பதா, பெண் மாப்பிள்ளை வீட்டுக்கு வருவதா என்று இரண்டு சம்பந்திகளும் முறைத்துக்கொள்கிறார்களே, அந்த இடத்தில் சிரித்து மாளவில்லை. அது எங்கள் தெருவில் நடந்ததுபோலவே இருக்கிறது. பிறகு ஞானாம்பாள்! ஆண் வேடம் பூண்டு விக்கிரமபுரியின் அரசாக உட்கார்ந்து நாட்டை ஆளுகிற பெண். கதாநாயகன் பெயரை நூலுக்கு வைத்தீர்கள், ஆனால் கதை அவளுடையது. அவள் வருகிற பக்கங்களில் உங்கள் எழுத்துக்கே ஒரு துள்ளல் வருகிறது. அவளைப் பின்தொடர்ந்து போங்கள்.

இப்படிச் சொல்லியிருந்தால் உதவியாக இருந்திருக்கும். ஆனால் அந்தக் காலத்துப் புலவர் யாராவது, வசனத்தில் இவ்வளவு நீளமாகக் கதை எழுதும் வழக்கம் தமிழில் கிடையாதே, செய்யுளாக்கிக் கொண்டு வாருங்கள் என்று சொல்லி, முன்சீப்பும் தலையாட்டியிருந்தால்? சொன்னவர் கற்றவராக இருந்திருப்பார், சொன்னதும் அன்றைய நிலவரப்படி உண்மையாக இருந்திருக்கும். நமக்கு ஞானாம்பாள் இருந்திருக்க மாட்டாள். நல்லவேளை, பிள்ளையவர்களுக்கு அமைந்த புலவர் நண்பர் அப்படிப்பட்டவர் அல்லர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சைவத்தில் ஊறியவர். இந்தக் கிறிஸ்தவ முன்சீப்பைப் பாட்டுடைத் தலைவராக வைத்துக் குளத்தூர்க் கோவை பாடினார். சமயம் இருவருக்கும் நடுவே சுவராக நிற்கவில்லை.

அந்த மகாவித்துவான் இளமையில் திருச்சியில் படித்த விதத்தை உ.வே.சாமிநாதையர் எழுதியிருக்கிறார். தண்டியலங்காரம் தெரிந்த ஒரு பரதேசி இந்த ஊர்த் தெருக்களில் பிச்சை எடுத்துத் திரிந்துகொண்டிருந்தார். இவர் அவர் பின்னாலேயே போய், அவர் மனம் கோணாமல் நடந்து, பாடம் கேட்டுக்கொண்டார். அப்பொல்லோவுக்குக் கூடாரத் தொழிலாளிகள் சொல்லிக்கொடுத்தார்கள், மகாவித்துவானுக்குப் பிச்சை எடுத்தவர் சொல்லிக்கொடுத்தார். எழுதுகிறவர்களே, உங்கள் நோட்டை முனைவர் பட்டம் பெற்றவரிடம்தான் தருவேன் என்று வைத்திருக்காதீர்கள். நாள் முழுக்க ஆட்களைப் பார்க்கிற ஆட்டோக்காரர் உங்கள் உரையாடலில் எது பொய் என்று சொல்லிவிடுவார்.

காவிரிக்கு அக்கரைக்குப் போவோம். ஸ்ரீரங்கத்தில் தாயார் சன்னதிக்கு எதிரே ஒரு மண்டபம் இருக்கிறது. கம்பர் தம் இராமாயணத்தை அரங்கேற்றிய இடம் என்று காலங்காலமாகச் சொல்கிறார்கள். அரங்கேற்றம் என்பது அன்றைக்குப் பாராட்டுக் கூட்டம் இல்லை. கற்றவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள், தடை எழுப்புவார்கள், ஆசிரியர் விடை சொல்ல வேண்டும். கம்பருக்கும் தடை வந்ததாம். இரணியன் வதைப் படலம் வான்மீகியில் இல்லையே, இதை எப்படிச் சேர்த்தீர் என்று கேட்டார்கள். அப்போது பக்கத்தில் மேட்டழகிய சிங்கர் சன்னதியிலிருந்த நரசிங்கர் தலையசைத்து ஆமோதித்ததாக வைணவர்களின் மரபு சொல்கிறது. அது அவர்கள் நம்பிக்கை, மரியாதையோடு சொல்கிறேன். எனக்கு அதில் பிடித்தது, கேள்வி கேட்டவர்கள் நடந்துகொண்ட விதம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட நூல் அது. உட்கார்ந்து கேட்டார்கள். கேட்டபின், குறிப்பாக இந்தப் படலம் என்று சுட்டினார்கள். ஆசிரியருக்கு வாதாட இடம் கொடுத்தார்கள். விதிப்படி பார்த்தால் அவர்கள் தடை சரிதான். படலம் நூலில் நிலைத்துவிட்டது, அதுவும் சரிதான். நாம் சொன்ன குறையை எழுதியவர் ஏற்காவிட்டால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அதே ஸ்ரீரங்கத்துப் பையன் ஒருவன், புனித வளனார் கல்லூரியில் படித்தவன், பின்னாளில் சுஜாதா ஆனான். அவன் முதல் கதையை 1953-ல் அச்சிட்டது திருச்சியில் திருலோக சீதாராம் நடத்திய ‘சிவாஜி’ இதழ். பதினெட்டு வயதுப் பையனுக்கு உள்ளூரில் ஒரு பத்திரிகை இடம் கொடுத்தது. அக்காயாவுக்குப் போன கடிதம் போன்ற ஒன்றுதான் அது.

விவிலியத்தில் மோசமான வாசகரும் ஒருவர் இருக்கிறார். எரேமியா நூல் 36-ஆம் அதிகாரம். குளிர்காலம். யோயாக்கிம் அரசன் கணப்புச் சட்டி முன்னால் உட்கார்ந்திருக்கிறான். எரேமியா சொல்லச் சொல்லப் பாரூக்கு எழுதிய ஏட்டுச்சுருளை ஒருவர் வாசிக்கிறார். மூன்று நான்கு பத்தி வாசித்து முடித்ததும் அரசன் அந்தப் பகுதியைக் கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறான். கூட இருந்த சிலர் கெஞ்சுகிறார்கள், கேட்கவில்லை. சுருள் முழுதும் எரிந்து போகிறது. அந்த அரசனும் முழுதும் கேட்டவன்தான் என்று நீங்கள் சொல்லலாம். கையில் கத்தியை வைத்துக்கொண்டு கேட்டான், அதுதான் வித்தியாசம். நம்மிலும் அவன் வாரிசுகள் உண்டு. நாலு பேர் முன்னால் ஒரு பத்தியை உரக்க வாசித்துச் சிரிக்கிறவர்கள். இதெல்லாம் உனக்கு எதுக்கு என்று மனைவியின் கவிதை நோட்டை ஒதுக்கி வைக்கிற கணவன்மார்கள். எழுதிய பக்கத்தை நெருப்பில் போடாவிட்டால் என்ன, எழுதியவள் அதன்பின் எழுதவே இல்லை என்றால் இரண்டும் ஒன்றுதான்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. இன்னொரு சுருளை எடு, மறுபடி எழுது என்று ஆண்டவர் எரேமியாவிடம் சொல்கிறார். பாரூக்கு உட்கார்ந்து எழுதுகிறார். எரிந்த சொற்கள் எல்லாம் திரும்பி வருகின்றன, அவற்றோடு அதே போன்ற வேறு பல சொற்களும் சேர்ந்துகொள்கின்றன. இரண்டாம் படி முதல் படியைவிடப் பெரிதாயிற்று!

எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மக்கபேயர் இரண்டாம் நூலை எழுதியவர், சிரேனைச் சேர்ந்த யாசோன் ஐந்து தொகுதிகளில் எழுதியதை ஒரே நூலாகச் சுருக்கியவர். அது எவ்வளவு வியர்வை சிந்த வைத்தது, தூக்கம் கெடுத்தது என்று தொடக்கத்திலேயே புலம்பியிருக்கிறார். முடிவில் வாசகரைப் பார்த்து, இது நன்றாக அமைந்திருந்தால் அதைத்தான் விரும்பினேன், சுமாராக இருந்தால் என்னால் முடிந்தது இவ்வளவுதான் என்கிறார். மறைநூலில் இடம்பெற்ற ஓர் ஆசிரியரே அப்படிச் சொல்லிவிட்டார். உங்கள் நாவலைப் பற்றி ஒருவர் குறை சொன்னால் அது உங்களைப் பற்றி அல்ல. திருமுழுக்கில் பெற்ற பெயரை யாரும் பென்சிலால் அடிக்க முடியாது.

எனவே ஒரு ஏற்பாடு. பொன்மலைப் பெரியவரின் நாவல் இப்போது திருந்திய படியாக இருக்கிறது. நம் பங்கு நூலகத்தில் ஜெராக்ஸ் பிரதி வைத்திருக்கிறோம். வேறு சிலரும் தங்கள் நோட்டுகளைத் தர முன்வந்திருக்கிறார்கள். எடுத்துப் போக விரும்புகிறவர்கள் நூலகத்தில் இருக்கும் சகோதரியிடம் பெயர் எழுதிக்கொடுங்கள். தவக்காலம் முழுக்க நேரம் இருக்கிறது. பென்சில் மட்டும். எழுதியவரிடம் நேரில், தனியாகப் பேசுங்கள், வாட்ஸ்அப் குழுவில் வேண்டாம். முழுதும் படிக்க முடியாமல் போனால் எந்தப் பக்கத்தோடு நிறுத்தினீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள், அதுவும் உதவிதான். தேநீர் டம்ளரை வேறு எங்காவது வையுங்கள்.

இப்போது எழுந்து நின்று நம் மன்றாட்டுகளை ஆண்டவர்முன் வைப்போம்.